நாற்பத்தைந்துக்குக் கீழே

ஓல்டன் நிலையத்துக்குப் பின்னால்
தண்டவாளத்தோடு தோள் உரசி நிற்கிறது மண்டபம்.
வாடகை குறைவு.
ஏன் குறைவென்பது
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை கடந்து போகும்.

மத்தியானம் இரண்டு மணி. மேடையில் யாருமில்லை.
மிருதங்கம் இன்னும் உறைக்குள்.
மைக்குகள் மட்டும் திறந்திருந்தன.
இடது ஸ்பீக்கரின் முதுகில்
சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

முன்வலையைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
பன்னிரண்டு அங்குலக் கூம்பு
முன்னே பின்னே முன்னே பின்னே
சத்தம் என்று ஒன்றுமே இல்லாமல்
வெறும் உரலை இடித்துக்கொண்டிருந்தது.

சரக்கு ரயில்.
சுவரில் இறங்கி, பலகையில் ஊர்ந்து,
மைக்கின் ஒற்றைக் காலில் ஏறி வந்த
இருபது ஹெர்ட்ஸ்.
எந்தக் காதுக்கும் வேலை செய்யாமல்
ஆம்ப்ளிஃபயரிடம் முழுச் சம்பளம் வாங்கியது.

ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால்
அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு நடக்க வேண்டும்.
இந்தப் பெட்டியின் துளைக்கு ஐம்பதில் சுருதி.
அதற்குக் கீழே காற்று பிடி கொடுக்காது,
இருட்டில்
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைத்தவனைப் போல.

குகனேசன் அண்ணை வந்தார். மகளுக்கு அரங்கேற்றம்.
வேட்டிக்கு மேலே குளிர் ஜாக்கெட்.
"அடி காணாது, பிள்ளை.
மிருதங்கம் நெஞ்சில வந்து விழவேணும்.
பேர்ன்ல செய்த பெடியன்
நாலு சப்வூஃபர் கொண்டந்தவன்."

பார்க்கிறன் அண்ணை என்றேன்.
பின்பக்கத் திரையில் தேடினேன்.
ஹைபாஸ்: இல்லை.
போன கிழமை வாடகைக்கு எடுத்த டிஜேயின் கைவேலை.
நாற்பத்தைந்தில் வைத்தேன், செங்குத்தாக.
பாட்டு மைக்குக்கு நூற்றிருபது.
நட்டுவாங்கத்துக்கு இன்னும் மேலே,
தாளத்துக்கு அடிவாரத்தில் என்ன சோலி?
தொப்பிப் பக்கத்து மைக்கில் மட்டும் கை வைக்கவில்லை.

அவரிடம் சொல்லவில்லை.
அடி கேட்டு வந்தவரிடம்
அடியில் வெட்டினேன் என்று
எப்படிச் சொல்வது?

பாசலில் இருந்து வந்த வாசவன்
ரவையைப் பிசைந்து ஒட்டி
ஒரே ஒரு தொம் வாசித்தான்.
மூன்று டெசிபல் ஏற்றினேன்.
இன்னொன்று ஏற்றினேன்.
சிவப்பு எழும்பவில்லை.
அந்தத் தொம் கூரைவரை போய்
நிதானமாகத் திரும்பி வந்தது.

"ஆ! இப்பத்தான் அடி!
சப் போட்டனீங்களோ?"
நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
கேபிள் சுருட்டுகிறவளிடம்
யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

மண்டபக் காவலாளி ஃப்ளூக்கிகர் அம்மா
கடைசி வரிசையில் மீட்டரோடு.
தொண்ணூற்று மூன்றைத் தாண்டினால் எழுந்து வருவாள்.
நான் வெட்டியது அவள் மீட்டருக்கும் கேட்காத சங்கதி.
வெட்டியபோது அதில் ஒரு எண்ணும் அசையவில்லை.

வர்ணத்தில் அபிஷனா
உயர எழும்பிப் பலகையில் இறங்கினாள்.
அதே நேரம் சூரிச் வண்டி.
என் குதிகாலுக்கு இரண்டும் தெரிந்தன.
விளக்கைப் பார்த்தேன்: பச்சை.
நட்டுவனாரின் தகதிமி
ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக,
கழுவிக் காயவைத்த அரிசி.

இரவு, பில் எழுதினேன்.
ஸ்பீக்கர் இரண்டு. மைக் ஏழு. ஒன்பது மணித்தியாலம்.
எடுத்துப் போட்டதை எழுதக் கட்டமில்லை.
குகனேசன் அண்ணை ஐம்பது ஃப்ராங்க் கூடவே தந்தார்,
சப்புக்காக.
வாங்கிக்கொண்டேன்.

ஃப்ளூக்கிகர் அம்மா விளக்குகளை அணைத்துக்கொண்டே
வானுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.
"எத்தனை வருடமாகக் கேட்கிறேன் இந்த ஸ்பீக்கர்களின் உறுமலை.
இன்றைக்கு என்ன,
ரயில்களெல்லாம் வேலைநிறுத்தமா?"

பதில் சொல்ல வாய் எடுத்தேன்.
அவள் கையில் இருந்த சாவிக்கொத்து
தானாகக் கிலுங்கத் தொடங்கியது.